நிக்கும்போதாவது அணையேன்!

டிரைவ்-இன் தியேட்டர்ல பிக்கப் டிரக்குக்குன்னு ஒரு முறை உண்டு. கார்க்காரங்க ஸ்கிரீனைப் பாத்து நிறுத்துவாங்க. நாம ரிவர்ஸ்ல போய், முதுகைக் காட்டி நிறுத்தணும். டெயில்கேட்டை இறக்கி விட்டு, பின்னாடி ஒரு பழைய மெத்தை, தலகாணி, கம்பளி, டிபன் பாக்ஸ்ல புளியோதரை. (மல்டிபிளெக்ஸ் உள்ள புளியோதரையைத் திறந்து பாருங்களேன், அப்பத் தெரியும் இதோட அருமை.)

ஒண்டாரியோவுல வெயில் காலம்ங்கறது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும். அதுக்குள்ள ஒரு தடவையாவது டிரைவ்-இன் கூட்டிட்டுப் போகலைன்னா பிள்ளைங்க அடுத்த வெயில் வரைக்கும் சொல்லிக் காட்டும். போனோம்.

படத்தோட சத்தம் எஃப்எம் ரேடியோவுலதான் வரும். இன்ஜினை அணைச்சிட்டு சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி வெச்சா ரேடியோ ஓடும். பேட்டரி புதுசா இருந்தா பிரச்சினை இல்ல. நம்ம பேட்டரிக்கு ரிட்டயர்மென்ட் வயசு. முதல் படம் முடியறதுக்கு முன்னாடியே டேஷ்போர்டு மங்க ஆரம்பிச்சிருச்சு. சரி, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விடுவோம்னு சாவியைத் திருப்பினேன்.

பளீர்.

வண்டி முதுகைக் காட்டி நிக்குதுல்ல? அப்போ மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்? பின் வரிசைப் பக்கம். அங்க அத்தனை பேர் மூஞ்சியிலயும் என் ஹெட்லைட். ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன். அப்புறம் கச்சேரியே.

லைட் சுவிட்சைப் பாத்தா ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணி மறுபடி ஆஃப் பண்ணேன். வெளிச்சம் கொஞ்சம் கம்மியாச்சு, அவ்வளவுதான். அணையலை. ஆட்டோல வெச்சேன், இன்னும் ஜோரா எரியுது.

"ஏங்க, அந்த லைட்டை அணைங்களேன்."

"அணைச்சுட்டேன்."

"எரியுதே?"

"தெரியுது."

கடைசில பிள்ளைங்க போத்தியிருந்த கம்பளியை உருவி, ஒரு ஓரத்தை பானெட்டுக்குள்ள சொருகி மூடி, முன்னாடி தொங்க விட்டேன். ஹாலஜன் சூடு பட்டு கம்பளி ஒரு மாதிரி வாடை அடிக்க ஆரம்பிச்சுது. பயந்து போய் இன்ஜினையே அணைச்சிட்டேன். மிச்சப் படம் பக்கத்து வண்டி ரேடியோ புண்ணியத்துல.

(வண்டி எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. குடும்பச் சண்டையை வெளிய சொல்றது அழகில்ல.)

இந்த அணையா விளக்குக்குப் பேரு டிஆர்எல். டேடைம் ரன்னிங் லைட். பகல்ல வண்டி ஓடும்போது, எதிர்ல வர்றவன் கண்ணுல படணும்னு தானா எரியுற லைட். கனடாவுல 1989 டிசம்பர்ல இருந்து தயாராகுற புது வண்டி அத்தனையிலயும் இது இருந்தே ஆகணும். காரு, வேன், பிக்கப், எதுவும் தப்பாது.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான், மறுக்கலை. வடக்கத்தி நாடுகள்ல குளிர் காலத்துச் சூரியன் எழுந்திருக்கவே சோம்பேறித்தனப்படும். எழுந்தாலும் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்துட்டு மதியம் மூணு நாலுக்கெல்லாம் கிளம்பிரும். ரோடும் சாம்பல், வானமும் சாம்பல், உப்பு படிஞ்சு வண்டியும் சாம்பல். ஸ்வீடன்காரங்க 1977-லயே பகல்லயும் லைட் போட்டுத்தான் ஓட்டணும்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க. பின்லாந்து அதுக்கும் முன்னாடி, குளிர் காலத்துல ஊருக்கு வெளிய இருக்குற ரோடுகளுக்கு மட்டும். அந்த ரோட்ல ஓட்டிப் பாத்தவன் எவனும் "எதுக்கு லைட்டு?"ன்னு கேக்க மாட்டான்.

என் கேள்வி வேற. ஓடுறப்ப எரி. யாரு வேண்டாம்னா? நிக்கும்போது யாருக்காக எரியுற?

டிரைவ்-இன் மட்டும்னா கூட விட்டிருப்பேன். ஜனவரில காலைல இருட்டோட எழுந்து, மைனஸ் இருபதுல வண்டியை சூடு பண்ணணும். நம்ம டிரைவ்வே நேரா எதிர்வீட்டு படுக்கையறை ஜன்னலைப் பாத்து இருக்கு. அங்க ஒரு வயசான தம்பதி. ஒரு நாள் கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதுதான் ரொம்ப உறுத்தும். பேச வேண்டியதை எல்லாம் அந்த ஜன்னல்ல மாட்டின கனமான புதுத் திரை பேசிருச்சு. கேம்ப்பிங் போற இடத்துலயும் இதே கதை. ராத்திரி வண்டியை ரெண்டடி நகத்தணும்னா சுத்தி இருக்குற டென்ட் எல்லாம் விடிஞ்சுரும்.

சரி, அணைக்கிறதுக்கு வழி தேடுவோம்னு இறங்கினேன். யோசனை சொல்றவங்களுக்கா பஞ்சம்?

"டேஷ்போர்டு மேல கருப்பா ஒரு குமிழ் இருக்கும் பாருங்க, அதுதான் வெளிச்சம் பாக்குற சென்ஸார். அதை டேப் போட்டு ஒட்டிருங்க"ன்னார் ஆபீஸ் நண்பர் ஒருத்தர். ஒட்டினேன். வண்டி என்ன நினைச்சுதுன்னா, ராத்திரி ஆயிருச்சுன்னு. பட்டப்பகல்ல முன்னாடி முழு ஹெட்லைட், பின்னாடி டெயில் லைட், டேஷ்போர்டு மங்கி, ஊர்வலம் போகத் தயாரா நின்னுச்சு. வெளிச்சம் கம்மியானா இன்னும் அதிகமா எரியறதுதானே அதோட வேலை? டேப்பைப் பிச்சு எறிஞ்சேன். (பசை இன்னும் போகலை.)

"பியூஸைப் புடுங்கிருங்க" - இது அடுத்த ஆள். சில வண்டிகள்ல டிஆர்எல்லுக்குன்னு தனி பல்பு, தனி பியூஸ் எல்லாம் இருக்கும். நம்ம வண்டியில அந்த ஆடம்பரம் கிடையாது. இருக்குற ஹெட்லைட்டையே கம்மி வெளிச்சத்துல எரிய விட்டு கணக்கு காட்டிருவாங்க. பியூஸைப் புடுங்கினா பகல் லைட்டும் போகும், ராத்திரி லைட்டும் போகும். இருட்டுல மானு மேல மோதி சாகறதுக்கு எதிர்வீட்டுக்காரங்க தூக்கம் கெடறது பரவால்ல.

அமெரிக்கப் பக்கம் விசாரிச்சா வயிறு எரியுது. அங்க இது கட்டாயமே இல்ல. டக்கோமாவுல லைட் லிவரைத் திருப்பினா 'டிஆர்எல் ஆஃப்'னு ஒரு இடமே எழுதி வெச்சிருக்கான். ராம் டிரக்ல டச் ஸ்கிரீன்ல போய் லைட்ஸ் மெனுவுல ஒரு டிக்கை எடுத்தாப் போதும். பழைய சில்வராடோ சிலதுல இன்னும் விசேஷம்: உள்விளக்கு பட்டனை மடமடன்னு நாலு தடவை அமுக்கணும். பிள்ளையாருக்கு முன்னாடி நெத்தியில குட்டிக்கிற மாதிரி டக் டக் டக் டக். டிங்னு ஒரு சத்தம், லைட் அணைஞ்சுரும். எந்த இன்ஜினியர் பக்தியில இதை வெச்சாரோ.

அதே வண்டியை கனடாவுக்குன்னு செய்யும்போது இந்த வாசலை எல்லாம் அடைச்சிருவாங்க. மெனுவுல அந்த வரியே இருக்காது. லிவர்ல அந்த எழுத்தே இருக்காது.

லேப்டாப்பை மாட்டி, வண்டியோட கம்ப்யூட்டருக்குள்ளயே போய் மாத்துற ஆட்களும் இருக்காங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு பிளக் இருக்கும்ல, ஓபிடி போர்ட்டுன்னு, அதுல ஒரு அடாப்டரைச் சொருகி, ஃபோர்டா இருந்தா ஃபோர்ஸ்கேன்னு ஒரு சாப்ட்வேர், அதுல உள்ள இருக்குற எண்ணுல ஒண்ணை மாத்தினா வண்டி இன்னொரு நாட்டு வண்டி மாதிரி நடக்க ஆரம்பிச்சிரும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல. தப்பான எண்ணை மாத்தி ஏர்பேக்கைக் கிளப்பி விட்டா யாரு பதில் சொல்றது? அதுக்கு மேல, விபத்துன்னு ஒண்ணு நடந்து இன்ஷூரன்ஸ்காரன் வந்து "இந்த லைட் ஏன் எரியலை?"ன்னு கேட்டா, "டிரைவ்-இன்ல ஹாரன் அடிச்சாங்க சார்"னா சொல்ல முடியும்?

அப்புறம்தான் ஸ்கார்பரோவுல நம்ம யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் கராஜுக்குப் போனேன். டயர் மாத்தப் போன சாக்குல மெதுவா ஆரம்பிச்சேன். வண்டிக்கு அடியில இருந்து தலையை நீட்டாமலே பதில் வந்துச்சு.

"தம்பி, உதைக் கழட்டித் தரச் சொல்லிக் கேக்கிறீர் எண்டா, ஏலாது. பிறகு பொலிஸ் மறிச்சா என்னைத்தான் காட்டுவீர்."

"இல்லண்ணே, நிக்கும்போது மட்டும் அணையணும்."

தலை வெளிய வந்துச்சு.

"அதை முதலே சொல்லியிருக்கலாம் எல்லோ. இடக்காலால அமத்துற பிரேக் ஒண்டு இருக்கல்லோ? இஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல் அதை அமத்தும். பிறகு திறப்பைத் திருப்பும். பிறகு அமத்தி வேலையில்லை, விளங்குதோ?"

இதுதான் மேட்டர். பார்க்கிங் பிரேக். அதுவும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி. இன்ஜின் ஓட ஆரம்பிச்சு லைட் ஒரு தடவை எரிஞ்சிருச்சுன்னா, அப்புறம் பிரேக்கை எவ்வளவு மிதிச்சாலும் நம்ம வண்டி கண்டுக்காது. முதல்ல கிர்ர்ர்னு அந்தச் சின்ன பெடலை மிதிச்சு, லைட் சுவிட்சை ஆஃப்ல வெச்சு, அப்புறம் சாவி. இன்ஜின் உறுமும். முன்னாடி இருட்டு. அங்கயே கராஜ் சுவத்தைப் பாத்து நிறுத்தி சோதிச்சேன். சுவத்துல ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பிரேக்கை விட்டேன், பளீர்.

அண்ணனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். (காசு வாங்கலை. டயருக்கு வாங்கிட்டார், நல்லாவே.)

அப்புறம் துருவிப் பாத்தா, இது யாரோ கண்டுபிடிச்ச குறுக்கு வழியும் இல்ல. கனடா விதியே அப்படித்தான் இருக்கு. கியர் பார்க்லயோ நியூட்ரல்லயோ இருந்தா, பார்க்கிங் பிரேக் போட்டிருந்தா, இல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு வண்டி இன்னும் நகரவே இல்லைன்னா, டிஆர்எல் அணைஞ்சிருக்கலாம். சட்டம் போட்டவங்க டிரைவ்-இன் போயிருப்பாங்க போல. ஜிஎம் வண்டிகள் பலதுல பார்க்ல இருக்கும்போது சுவிட்சை ஆஃப் பக்கம் ஒரு திருப்பு திருப்பினா அணைஞ்சுரும், கியர் போட்டதும் தானா வந்துரும். இதைவிட என்ன வேணும்? இவ்வளவு எளிசா செய்ய முடிஞ்சதை எல்லா வண்டியிலயும் ஏன் செய்யலைன்னுதான் எனக்குக் கடுப்பு. சட்டம் கதவைத் திறந்து வெச்சிருக்கு, வண்டி செய்யறவன் உள்ள இருந்து தாப்பா போட்டுக்கிறான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த வித்தையைத் தெரிஞ்சுக்கிட்டு, பெடலை ஒரே ஒரு கிளிக் மட்டும் மிதிச்சு வெச்சு, லைட் எரியாமலே ரோட்ல ஓட்டுற ஆட்கள் இருக்காங்க. ஒரு கிளிக்குல பிரேக் பிடிக்காதுன்னு நம்பிக்கை. பழைய வண்டியில ஷூ லேசா உரசிக்கிட்டேதான் போகும், வீல் சூடாகும். டேஷ்போர்டுல செவப்பா பிரேக் லைட் வேற எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நாளைக்கு நெஜமாவே பிரேக் ஆயில் ஒழுகினாலும் அதே லைட்தான் எரியணும். எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?

பிக்கப்ல ஓடும்போதும் அணைச்சே ஆகணும்னு நிக்கிறவங்களுக்கு ஒரு சமாச்சாரம். அமெரிக்காவுல 1993-ல டிஆர்எல்லை அனுமதிச்சாங்க, ஜிஎம் 1995 மாடல்ல இருந்து போட ஆரம்பிச்சுது. கண்ணு கூசுதுன்னு ஜனங்க மூட்டை மூட்டையா புகார் எழுதினாங்க. 2001-ல ஜிஎம்மே "இதை எல்லாருக்கும் கட்டாயமாக்குங்க"ன்னு அரசாங்கத்துக்கு மனு போட்டுச்சு. அரசாங்கம் சாவகாசமா ஆராய்ச்சி பண்ணி 2008-ல அறிக்கை விட்டுச்சு: மொத்தமா பாத்தா டிஆர்எல்லால விபத்து குறைஞ்சதா உறுதியா சொல்ல முடியலை. மறு வருஷம் மனு தள்ளுபடி. லைட் வேண்டாம்னு சொல்ற கட்சிக்கு இந்த அறிக்கைதான் வேதம்.

ஆனா அதே அறிக்கையில ஒரு மூலையில இன்னொண்ணும் இருக்கு. கார்களைத் தனியா, பிக்கப்-எஸ்யூவி-வேன்களைத் தனியா பிரிச்சுப் பாத்தப்போ, இந்தப் பெரிய வண்டிகள் இன்னொரு வண்டியோட மோதுற விபத்துல 5.7 சதவீதம் குறைவு, அது உறுதியான குறைவு. அதாவது லைட்டால கொஞ்சமாவது பலன் இருக்குன்னு அவங்க கணக்குல வந்த ஒரே ஜாதி நம்ம ஜாதி. வேதத்தை முழுசா படிங்கப்பா.

இதைவிட நான் பயப்படறது ராத்திரி ஓடுற பேய் வண்டிகளுக்குத்தான். ஹைவே 401-ல இருட்டினப்புறம் ஓட்டிப் பாருங்க. முன்னாடி ஒரு கார் போகும், பின்பக்கம் கரிக்கட்டை. ஒரு செவப்பு லைட் கிடையாது. கிட்டப் போனப்புறம்தான் அங்க ஒரு வண்டி இருக்கறதே தெரியும். உள்ள இருக்குறவர் மேல தப்பும் இல்ல. முன்னாடி டிஆர்எல் வெளிச்சம் ரோட்ல விழுது, டேஷ்போர்டு ஜெகஜ்ஜோதியா இருக்கு, தெருவிளக்கும் இருக்கு. லைட் போட்டாச்சுன்னுதான் எவனும் நினைப்பான். பழைய டிஆர்எல் எரியும்போது பின்னாடி டெயில் லைட் எரியாதுங்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. நாம ஹெட்லைட்டை அடிச்சுக் காட்டினா, "முன்னாடி போலீஸ் நிக்கிறான் போல"ன்னு வேகத்தைக் குறைச்சிட்டு நன்றியோட கையாட்டிட்டுப் போவாங்க!

இதுக்கு ஒரு வழியா 2021 செப்டம்பர்ல இருந்து கனடாவுல விக்கிற புது வண்டிகளுக்கு விதி வந்துச்சு. டிஆர்எல்லோட டெயில் லைட்டும் எரியணும், இல்லைன்னா இருட்டினதும் எல்லா லைட்டும் தானா வரணும், இல்லைன்னா டேஷ்போர்டு இருட்டாவே இருக்கணும், டிரைவருக்கே சந்தேகம் வர்ற மாதிரி. மூணாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பழைய வண்டிகளுக்கு இது எதுவும் இல்ல, அது ரோட்டை விட்டுப் போக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். சூரியன் மறையறதுக்கு அரை மணி முன்னாடியே லைட் போடணும்னு ஒண்டாரியோ சட்டம் சொல்லுது. கையைக் கொண்டு போய் சுவிட்சைத் திருப்புங்க சாமி.

ஊருக்குப் போனப்போ மதுரையில இந்தக் கூத்தை வேற மாதிரி பாத்தேன். நம்ம ஊர்ல பகல்ல பைக் லைட் எரிஞ்சா எதிர்ல வர்ற ஒவ்வொரு பெரியவரும் அஞ்சு விரலையும் குவிச்சு விரிச்சு, குவிச்சு விரிச்சு காட்டுவாங்க. அந்த அக்கறைக்கு ஈடே கிடையாது. 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர் எல்லாத்துலயும் லைட் தானா எரியணும்னு ஆயிருச்சு, சுவிட்சே கிடையாது. கொஞ்ச நாள் ஊரே கையைக் குவிச்சு விரிச்சு ஓஞ்சு போச்சு. என் மாமா மட்டும் இன்னும் விடலை. "எரியட்டும் மாப்ள, நம்ம கடமை சொல்லிருவோம்"ங்கறார்.

எல்இடி பல்பு மாத்தலாம்னு இருக்குறவங்க கவனிங்க. ஹெட்லைட்டையே டிஆர்எல்லா எரிய விடற வண்டி சிலதுல, வெளிச்சத்தைக் குறைக்கறதுக்கு கரன்ட்டை வேக வேகமா வெட்டி வெட்டி அனுப்புவாங்க. ஹாலஜன் கம்பி சூட்டுல அது தெரியாது. எல்இடி அப்படியே காட்டிக் குடுத்துரும். என் நண்பன் வண்டி பகல் பூரா துடிச்சுக்கிட்டே போகும், கல்யாண மண்டப வாசல் சீரியல் பல்பு தோத்துச்சு. ராத்திரி முழு வெளிச்சத்துல ஒழுங்கா எரியும். கடையில ஒரு அடாப்டர் விக்கிறாங்க, அதை மாட்டினா நிக்குமாம். மாட்ட மாட்டேங்கறான். பிள்ளைக்குப் பிடிச்சிருக்காம்.

இவன்தான் இப்போ பஃபலோ பக்கம் ஒரு பிக்கப் விலை பேசி வெச்சிருக்கான். அமெரிக்க வண்டி, சல்லிசு விலை. மெனுவுல போய் டிஆர்எல்லை அணைச்சுக்கலாம்னு வாயெல்லாம் பல்லு. அங்கதான் இருக்கு வேடிக்கை. 15 வருஷத்துக்குள்ள இருக்குற அமெரிக்க வண்டியைக் கொண்டு வந்து இங்க பதியணும்னா 45 நாளைக்குள்ள இன்ஸ்பெக்‌ஷன் முடிக்கணும், அதுல டிஆர்எல் எரியுதான்னு பாப்பாங்க. எரியலைன்னா எரிய வெச்சுக் கொண்டு வான்னு திருப்பி அனுப்பிருவாங்க. விஷயத்தைச் சொன்னதும் மூஞ்சி தொங்கிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றான்:

"மச்சி, நீதான் இதுல கரைச்சுக் குடிச்சிருக்கியே. இந்தச் சனியனை எப்படிடா எரிய வெக்கிறது?"

ஸ்கார்பரோ அண்ணன் நம்பரைக் குடுத்திருக்கேன்.